உராய்வைக் கண்டுபிடித்தவர்கள்

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலை விபத்துகளை விசாரிக்கிறவர்களைப் போல வேகமாகக் காரணம் கண்டுபிடிக்கிறவர்களை வேறெந்தத் துறையிலும் பார்க்க முடியாது. தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சி முடிப்பதற்குள் ‘உராய்வு’ என்று சொல்லிவிடுகிறார்கள். மருந்து கலக்கும்போது உராய்வு, மருந்து செலுத்தும்போது உராய்வு. அறை தரைமட்டமாகி, உள்ளே இருந்தவர்களில் பேச ஒருவரும் மிஞ்சாத இடத்தில், எது எதோடு உரசியது என்று அறிவது லேசுப்பட்ட திறமையா? உரசிய கை எப்போதும் செத்தவருடையதாகவே இருக்கிறது. அவருக்குச் சம்மன் அனுப்ப வேண்டாம், அவர் மறுத்துப் பேசவும் மாட்டார்.

அவர்களுடைய நாகரிகத்தையும் சொல்ல வேண்டும். சங்கடமான கேள்வி கேட்டு யாரையும் வருத்த மாட்டார்கள். அன்றன்று கலந்த மருந்தில் மிஞ்சியதை அன்றே அழிக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள எல்லோரும் அறிந்தது. அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ராத்திரி ஈரம் ஏறினால் அது தானாகச் சூடாகும். மறுநாள் காலையில் யார் கையும் உரச வேண்டியதில்லை. நேற்று எவ்வளவு கலந்தார்கள், எவ்வளவு மிஞ்சியது, பதிவேடு எங்கே என்று கேட்டால் விஷயம் ஆலை அலுவலகத்துக்குப் போய்விடும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, கூடுதலாகக் கலக்க வைத்தது யார் என்ற இடத்துக்கும் போகும். அவ்வளவு தூரம் போகாமல் போர்மேனைக் கைது செய்து நிறுத்திக்கொள்கிறார்கள். உரிமம் அவர் பெயரில் இல்லை, லாபமும் அவருக்கு இல்லை. ஆனாலும் ஆள் கைக்கு எட்டுகிறார்.

சோதனை நடக்கவில்லை என்று குறை சொன்னால் நாக்கு அழுகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்த ஆலையில் அதற்கு முன்பே சோதனை நடந்தது. விதிமீறல்களைக் குறித்துக்கொண்டு உரிமத்தையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். காகிதத்தில் உரிமம் நின்றது, அறைகளில் வேலை நிற்கவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள், காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. உத்தரவில் கையெழுத்துப் போட்டதோடு கடமை முடிந்தது என்று தெளிந்தவர்களின் மன அமைதி சாமானியமானதல்ல.

கண்ணியத்தின் உச்சம் உள்குத்தகை விஷயத்தில். நாக்பூரில் உள்ள வெடிபொருள் துறைத் தலைமையகம் தரும் உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகள் பலர் கையில் இருக்கும். ஊரில் டீக்கடைக்காரர் முதல் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் செய்தியை அதிகாரிகள் தங்கள் காதுக்கு மட்டும் எட்டாமல் பார்த்துக்கொள்வது தவம்தான். ஆள் கணக்கும் அப்படித்தான். விதிப்படி ஓர் அறையில் 4 பேர்தான் வேலை பார்க்கலாம். செருப்போடு உள்ளே போகக் கூடாது என்பதால் வாசலில் கிடக்கும் ஜோடிகளை எண்ணினாலே கணக்குத் தெரிந்துவிடும். பட்டாசுக்கென்றே தனி வட்டாட்சியர், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், வெடிபொருள் துறை என்று இத்தனை பேர் வந்து போகிறார்கள். குனிந்து எண்ணுவதுதான் அவர்கள் தகுதிக்குக் குறைவு.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தபோது இந்தப் பண்பாட்டைக் கெடுக்க ஒரு குழு வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் அனுப்பிய குழு. உராய்வோடு நிற்காமல், உரிமம் பெற்றவர் ஆலையைக் குத்தகைக்கு விட்டதையும் அது எழுதியது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது தீர்ப்பாயம். அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதைவிடச் சிக்கனமானது: விதிமீறலால் சாவு நேர்ந்தால் அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பதே அதன் கண்டிப்பு.

இவ்வளவு திறமை உள்ளவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த அறிக்கையில் ‘உராய்வு’ என்று எழுதியபின் இரண்டு வரி சேருங்கள்: அந்த அறையைக் கடைசியாகச் சோதித்த அதிகாரி யார், எந்தத் தேதியில்? அன்று உள்ளே எத்தனை பேர் இருந்ததாக அவர் எழுதினார்?