இரவு 2 மணிப் பிரதி

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பிரதி எடுத்துவைப்பதன் அருமையை இந்த ஊருக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. நூல்களை மின்பிரதியாக்கிச் சேமிக்க 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளமே சாட்சி. நம்மூர்ப் பெடியளும் சளைத்தவர்களா? ஹோம் கோப்புறையைப் பிரதியெடுக்க ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, தினமும் இரவு 2 மணிக்கு ஓடும்படி கிரொனில் போட்டாயிற்று. அம்மாவோ பத்து மணிக்கே, "கறண்ட் பில் ஆர் கட்டுறது?" என்று பிளக்கைக் கழற்றிவிடுவார். கிரொன் தவறவிட்ட வேலையைத் திரும்பிப் பார்க்காது. அனக்ரொன் அப்படியல்ல, காலையில் கணினி எழும்பியதும் விட்டதைப் பிடித்துச் செய்யும். அதையும் போட்டார்கள். இப்போது பிரதி ஒருநாளும் பிசகாமல் விழுகிறது, அதே டிஸ்க்கின் பக்கத்துக் கோப்புறையில்.