அம்மாவின் எச்சிலை எத்தனை நாள் வைக்கலாம்?

கேள்வி: அம்மாவுக்கு எண்பது வயது. எச்சிலை டப்பாவில் பிடித்து ஃப்ரீசரில் வைத்தால் பேரன் காலம்வரை டி.என்.ஏ. தாங்குமா? (வாசகி, அல்சூர்)

பதில்: ஃப்ரீசரை நம்பாதீர்கள். எச்சிலில் மிதக்கும் கன்னத்துச் செல்களிலும் வெள்ளை அணுக்களிலும்தான் அம்மாவின் டி.என்.ஏ. இருக்கிறது. அதைத் துண்டாடும் நொதிகளும், பெருகக் காத்திருக்கும் பாக்டீரியாக்களும் அதே எச்சிலில்தான். 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' ஃப்ரிட்ஜ் பனி கட்டாமலிருக்க அவ்வப்போது தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். பெங்களூரில் கரண்டும் போகும். உறைந்து உருகி, உறைந்து உருகியே டி.என்.ஏ. நைந்துவிடும்.

காயவைப்பதே வழி. வடகம் வருடக்கணக்கில் கெடாமலிருப்பது ஈரம் இல்லாததால்தானே! சாப்பிட்டு அரைமணி கழித்து, வாய் கொப்பளித்து, சுத்தமான பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்தெடுங்கள். நிழலில் முழுக்க உலர்த்தி, காகித உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் மூடி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். இரண்டு மூன்று குச்சிகள் எடுப்பது நல்லது. நொதிகளை முடக்கும் திரவத்தோடு வரும் எச்சில் சேகரிப்புக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார்களா? (வாசகர், மல்லேஸ்வரம்)

பதில்: அது நம் குடும்ப லாக்கர் இல்லை. இந்தியர்களின் மரபணுத் தொகுதியை ஆராய 2020-இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தை ஒருங்கிணைத்தது அந்த வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம். அங்கே சுமார் 20,000 பேரின் ரத்த மாதிரிகள் இருக்கின்றன. எல்லாம் ஆராய்ச்சிக்காக, சம்மதம் பெற்று எடுத்தவை. பத்தாயிரம் பேரின் மரபணுத் தரவுகள் ஃபரீதாபாத் தரவு மையத்தில் இருக்கின்றன. அவற்றை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாட்டுக்கே பெருமையான வேலை.

கேள்வி: டி.என்.ஏ. ஆயிரம் வருடம் தாங்குமா? (மாணவர், ஸ்ரீராம்புரம்)

பதில்: ஹரியானாவில் சிந்துவெளி நாகரிகத்தின் பழைய ஊரான ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். பயன்படும் டி.என்.ஏ. கிடைத்தது ஒரே ஒரு பெண்ணிடமிருந்து. 2019-இல் வெளியான ஆய்வு இது. நம் ஊர் வெப்பத்தின் வேலை அப்படி!

கேள்வி: மாமியார் குடித்த டம்ளரை அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறேன். போதுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் டம்ளரைக் கழுவுங்கள். பிறகு அவரிடமே கேளுங்கள். அது அவர் உடம்பின் ரகசியம். அவர் பிள்ளைகளின் ரகசியமும்கூட. சம்மதித்தால் உறையின்மேல் பெயர், தேதி, யார் திறக்கலாம் என்பதை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். குடும்பத்தில் பரம்பரை நோய் இருக்கிறதென்று சந்தேகமா? எச்சிலைப் பூட்டி வைத்துக் காத்திருக்காமல், அவரை இந்த மாதமே மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.