தடையைத் திருப்பித் தாருங்கள்

கற்பிட்டி,
புத்தளம் மாவட்டம்,
இலங்கை.

பிஃபா தலைமையகம்,
சூரிச், சுவிட்சர்லாந்து.

மதிப்புக்குரிய ஐயா,

விடயம்: 2023 ஜனவரி 21ஆம் திகதி இலங்கைக்கு வழங்கப்பட்டு, அதே ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி பறிக்கப்பட்ட தடையை மீள வழங்கக் கோரல்

மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் அறியத் தருவது: நான் கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரம் செய்கிறவன். எனக்குச் சீனி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, இலங்கை உதைபந்தாட்ட அணி இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே டொக்டரிடம்தான் போகிறேன். முதல் இரண்டுக்கும் மாத்திரை தருகிறார்.

மூன்றாவது வருத்தம் 1995இல் பிடித்தது. கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதி ஆட்டம். மேலதிக நேரத்தில் ஒரேயொரு கோல், இந்தியா வீட்டுக்கு. வாப்பாவின் ரேடியோவைக் கடை வாசலில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டோம். பெண் பார்க்கப் போன வீட்டில் அன்றைக்கு வைத்த பிரியாணியை நம்பிக் கல்யாணம் முடித்த ஆள் மாதிரி, அந்த ஒரு கோலை நம்பி முப்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன். நடுவில் 2006இல் டாக்காவில் ஆசிய சவால் கிண்ண இறுதி வரைக்கும் போனோம். தஜிகிஸ்தான் நாலு போட்டது, நாங்கள் ஒன்றும் போடவில்லை. 1998இல் 122 என்று இருந்த எங்கள் தரவரிசை இலக்கம் பிறகு 207 வரைக்கும் ஏறியது. இலங்கையில் ஓர் இலக்கம் ஏறத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது பாண் வாங்கப் போகிற பிள்ளைக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் ஐயா, தாங்கள் தடை போட்டீர்கள். செய்தி வந்த அன்று நான் வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். தேர்தல் பிரச்சினை, மூன்றாம் தரப்பின் தலையீடு என்று போனில் வாசித்தார்கள். "மூன்றாம் தரப்பு யாரு காக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். முதலாம் தரப்பு யார், இரண்டாம் தரப்பு யார் என்றே எனக்குத் தெரியாது. பந்தை உதைக்கிறவன் இந்த மூன்றிலும் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 21 இலிருந்து ஓகஸ்ட் 29 வரை விரல் விட்டு எண்ணினேன். 220 நாள். அந்த 220 நாளும் இலங்கை அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பெங்களூரில் தெற்காசியக் கிண்ணப் போட்டி நடந்தது; நாங்கள் போகவில்லை, அதனால் தோற்கவும் இல்லை. ஒரு கோல் வாங்கவில்லை, ஒரு சிவப்பு அட்டை வாங்கவில்லை. எனக்கு நித்திரை வந்தது. சாப்பாட்டுக்கு முந்திய சீனி 140க்கு இறங்கியதைப் பார்த்து டொக்டர் நடக்கப் போகிறீரா என்று கேட்டார். இல்லை சேர், பிஃபா தடை போட்டிருக்கிறது என்றேன்.

அதைத் தாங்கள் நீக்கினீர்கள். ஒன்றரை மாதம் கூட ஆகவில்லை. ஒக்டோபர் 12ஆம் திகதி உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் யேமன் எங்களுக்கு மூன்று போட்டது. யேமனில் யுத்தம் ஐயா. சொந்த ஊரில் விளையாட முடியாமல் சவூதியில் மைதானம் இரவல் வாங்கி விளையாடிய நாடு அது.

உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், கணக்கோடுதான் வருகிறேன். 2015 மார்ச்சில் பூட்டான் கொழும்புக்கு வந்தது. அப்போது தங்கள் பட்டியலில் 209 நாடுகள், பூட்டான் 209ஆவது. அவர்கள் 1-0. ஐந்து நாள் கழித்து அவர்களுடைய மலையில் 2-1. 2021 நவம்பரில் தங்கள் தலைவரே கொழும்புக்கு வந்திருந்தார், சீஷெல்ஸோடு இறுதி ஆட்டம். 3-3 என்று இழுத்துப் போய்ப் பெனால்டியில் விட்டோம். சீஷெல்ஸ் முழு நாட்டிலும் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர். எங்கள் புத்தளம் மாவட்டத்தில் மட்டும் 2012 கணக்கெடுப்பின்படி 7 இலட்சத்து 62 ஆயிரம். இந்த மாவட்டத்திலிருந்து வென்னப்புவ நியூ யங்ஸ் கழகம் நாட்டின் முதல் பத்துக் கழகங்களில் ஒன்றாக 2021 சூப்பர் லீக்கில் விளையாடியது என்பதையும் சும்மா சொல்லி வைக்கிறேன். ஆள் இல்லாமல் தோற்கவில்லை.

இனி எங்கள் மிகச் சிறந்த வெற்றிக்கு வருகிறேன். 2019 ஜூன், மக்காவு. முதல் ஆட்டத்தில் அவர்கள் 1-0. இரண்டாவது ஆட்டத்துக்குக் கொழும்புக்கு வர வேண்டும்; ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு பயம் என்று வரவில்லை. தாங்கள் எங்களுக்கு 3-0 என்று தீர்ப்புத் தந்து அடுத்த சுற்றுக்கு ஏற்றிவிட்டீர்கள். காற்று இல்லை, பந்து இல்லை, எதிரணி இல்லை, மூன்று கோல். அடுத்த சுற்றில் எதிரணி வந்தது. தென்கொரியா, எட்டு. ஆகவே ஆட்டம் நடந்தால் தோற்கிறோம், நடக்காவிட்டால் வெல்கிறோம் அல்லது சமாளிக்கிறோம். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குடாநாட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மே மாதம் கச்சான் காற்று பிடித்தால் ஒக்டோபர் வரைக்கும் விடாது. அந்தக் காற்றுக்காகவே வெள்ளைக்காரர்கள் பிளேன் ஏறி வந்து, கண்டக்குழிப் பக்கம் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் தண்ணீருக்கு மேலே ஓடுகிறார்கள். அவர்கள் டொலர் கொடுத்து வாங்குகிற காற்று எங்கள் கோல்கீப்பருக்கு இலவசம். எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு அரை மணித்தியாலம் நிற்கும். கோலுக்கு வலை, படகுக்காரர் கழித்துப் போட்டது. மாட்டின நண்டின் கால் இன்னும் அதில் தொங்கும். கோர்னர் மூலையில் ஒரு கழுதை. புத்தளத்துக் கழுதை எதற்கும் அசையாது. கோர்னர் உதைக்கிறவன்தான் சுற்றிப் போக வேண்டும். நுரைச்சோலையிலிருந்து நாட்டுக்கு 900 மெகாவாட் கரண்ட் போகிறது, எங்களுக்கு மாலை ஆறரைக்குப் பிறகு பந்து தெரியாது. தடை வந்த அன்றும் பையன்கள் இங்கே விளையாடினார்கள், நீங்கிய அன்றும் விளையாடினார்கள். கழுதையும் அதே மூலையில் நின்றது.

ஒரு நாள் இந்த மைதானத்தில் நடந்ததைக் கேளுங்கள். நல்ல கச்சான். எங்கள் கோல்கீப்பர் கோல்கிக் உதைத்தான். பந்து நடுக்கோடு தாண்டுகிற மாதிரி எழும்பியது, உச்சிக்குப் போய் நின்றது, பருந்து மாதிரி ஒருக்கால் யோசித்தது, திரும்பியது. பையன் பின்பக்கமாகவே ஓடினான். சாரமும் செருப்புமாக நாங்கள் கோட்டோரம் நின்று "விடாதே, விடாதே" என்று கத்தினோம். முன்னுக்கு ஒரு குத்துக் குத்தி, அவன் தலைக்கு மேலால் போய், நண்டுக்காலுக்குப் பக்கத்தில் வலையில் விழுந்தது. ஒருவர் காலும் படவில்லை. கோல்கிக் நேரே சொந்தக் கோலுக்குள் போனால் அது கோல் அல்ல, எதிரணிக்குக் கோர்னர் என்பது சட்டம். நடுவரோ நடுவட்டத்தைக் காட்டினார். சட்டப் புத்தகத்தைப் போனில் திறந்து கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிதானமாக வாசித்தார். "நேரே போனால்தானே? இதைக் காற்று தொட்டிருக்கு" என்றார். அந்த ஆட்டத்தில் 1-0 என்று தோற்றோம். கோல் அடித்தவர் பெயர் எழுதுகிற இடத்தில் என்ன எழுதினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என்னைப் போல இன்னொரு நோயாளி மெல்பனில் இருக்கிறான், என் மச்சான். 2012இல் இந்தக் கரையிலிருந்து வள்ளங்கள் போனபோது போனவன். டண்டினோங் பக்கம் கோழித் தொழிற்சாலையில் வேலை, இன்றைக்கும் பிரிட்ஜிங் விசா. அங்கே அவர்களுக்கென்று ஓர் உதைபந்தாட்டம் இருக்கிறது ஐயா. பந்து பனங்கொட்டை மாதிரி நீண்டிருக்கும், கையிலும் பிடிக்கலாம், மைதானம் முட்டை வடிவம். இவன் போய்ப் பிடித்த கழகம் செயின்ட் கில்டா. "பதினெட்டுக் கழகம் இருக்க உனக்கு இதா கிடைத்தது?" என்று கேட்டேன். "முதல் வாடகை வீட்டுக்காரர் தந்த பழைய ஜம்பர் மச்சான், குளிருக்குப் போட்டேன். கழற்ற முடியவில்லை" என்றான்.

செயின்ட் கில்டா 1873இல் தொடங்கியது. இன்றைக்கு வரைக்கும் ஒரேயொரு முறைதான் கிண்ணம் எடுத்திருக்கிறது, 1966இல். கடைசி இடத்துக்கு வருகிறவர்களுக்கு அங்கே கிடைப்பதற்கு மரக்கரண்டி என்று பெயர். அந்தக் கரண்டி 27 தடவை இவர்களுக்கு, வேறெந்தக் கழகமும் இவ்வளவு சேர்க்கவில்லை. 2010இல் இறுதி ஆட்டம் கொலிங்வுட்டோடு 68-68 என்று சமநிலை. அடுத்த கிழமை திரும்ப விளையாடினார்கள், 56 புள்ளியால் தோற்றார்கள். ஒரு இறுதி ஆட்டத்துக்கு இரண்டு தரம் அழுத ரசிகர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. விசாவுக்கு எத்தனை வருஷம் காத்திருப்பாய் என்று கேட்டால் மச்சான் சிரிக்கிறான். செயின்ட் கில்டாக்காரனிடம் இதைக் கேட்கலாமா என்கிறான்.

ஆனால் அந்த விளையாட்டில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. தடை தர மனமில்லாவிட்டால் தாங்கள் அவற்றையாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, அங்கே கோலுக்கு நாலு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனாலும் ஒரு புள்ளி தருகிறார்கள். 1966இல் செயின்ட் கில்டா வென்றது 74-73, ஒரு புள்ளியால்; அந்தக் கடைசிப் புள்ளி குறி தவறிப் போன உதையால் வந்தது. நூற்றைம்பது வருஷத்தில் கிடைத்த ஒரே கிண்ணம் தவறிய உதையால் வந்தது ஐயா! கோலுக்குப் பக்கத்தால் அடிப்பதில் இலங்கை முன்வரிசை வீரர்களுக்கு நிகர் ஆசியாவில் இல்லை. இந்தச் சட்டம் இருந்திருந்தால் பூட்டானை நாங்கள் 9-6க்கு வென்றிருப்போம்.

மற்றது இதைவிட நல்லது. கடைசிக்கு வருகிற கழகத்துக்கு, அடுத்த வருஷம் புதிதாக வருகிற இளைஞர்களில் முதல் ஆளைத் தெரிவு செய்கிற உரிமை. இதை நாடுகளுக்கும் கொண்டுவாருங்கள். பட்டியலின் அடியில் இருக்கிற நாடு பார்சிலோனாவுக்குப் போய் யமால் தம்பியின் தோளில் கை வைத்து, "வாங்க மகன், கற்பிட்டிக்குப் போவோம்" என்று கூட்டிவரட்டும். காற்றுக்குப் பழக இரண்டு மாதம் எடுக்கும், அவ்வளவுதான்.

எங்கள் பெரியவர்கள் இதில் பாதியைத் தாங்களே தொடங்கிவிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வெளிநாட்டில் பிறந்த இலங்கை வம்சத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அணியில் சேர்க்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து வசீம் ராசிக் வந்தார், 2021இல் லெபனானுக்கு இரண்டு கோல் போட்டார். அவுஸ்திரேலியாவிலிருந்து ஜாக் ஹிங்கர்ட், ஒலிவர் கெலார்ட். நல்ல பிள்ளைகள், குறை இல்லை. எங்கள் கரைப் பையன் அங்கே போனால் வாய்ப்புப் பூச்சியம் என்று அவுஸ்திரேலிய அரசாங்கம் இங்கே விளம்பரம் ஒட்டி, பிடித்தால் பிளேனில் திருப்பி அனுப்புகிறது. அங்கிருந்து இங்கே வருகிறவருக்கு ஜேர்சியும் கொடுத்து நடு மைதானத்தில் இடமும் கொடுக்கிறோம். விருந்தோம்பலில் மட்டும் நாங்கள் இன்னும் அந்தப் பழைய 122இலேயே நிற்கிறோம்.

தடையை ஏன் அவ்வளவு சுருக்காக நீக்கினீர்கள் என்று மச்சானோடு பேசிப் பார்த்தேன். தங்கள் சபையில் 211 சங்கங்கள். பிரேசிலுக்கும் ஒரு வாக்கு, எங்களுக்கும் ஒரு வாக்கு. பந்துக்கு எங்களால் பிரயோசனம் இல்லாவிட்டாலும் வாக்குக்கு உண்டு. இது எங்களுக்குப் பழக்கம்தான். வாக்குக் கேட்காமல் எங்கள் கரைக்கு வந்த பெரிய மனிதர் என்றால், 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா. அவரும் வேறெங்கோ போகப் புறப்பட்டு வழி தவறி வந்தவர்.

கடைசியாக ஒரு முறைப்பாடு. நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியது 2023 ஒக்டோபரில். முடிக்க முடியவில்லை. 2024 மார்ச்சில் பூட்டானை 2-0 என்று வென்றார்கள். செப்டெம்பரில் கம்போடியாவுக்குப் போய்ப் பெனால்டியில் வென்றார்கள். அந்த இரவு கடையில் பதினைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்றோம். கடைசிப் பெனால்டி போனபோது யாரோ என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார்கள், யார் என்று இன்னும் தெரியாது, காலையில் தோளில் கருவாட்டு வாசனை மட்டும் இருந்தது. அது என்னுடையதாகவும் இருக்கலாம். அடுத்த நாள் சீனி 260. டொக்டர் முகத்தைப் பார்க்காமலே மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

இதற்கு யார் பொறுப்பு? 220 நாள் சுகமாக இருந்த மனிதன் நான். எனவே தடையை மீள வழங்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆட்டம் முடிந்த பிறகு வழங்கினால் போதும். அதற்கு டிக்கட் எடுத்தாயிற்று, மச்சானுக்குப் போனில் காட்டுவதாகவும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கருவாட்டுக் கடைக்காரன்

இணைப்பு: கட்டாக் கருவாடு, ஒரு கிலோ. சுவிஸ் சுங்கம் திறந்தால் உடனே மூடிவிடச் சொல்லவும்.