வாத்தியாரின் தோட்ட வாரியம்

விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கண்ணாடி டம்ளரைக் காணவில்லை. தேடிப்போன வாத்தியாரின் மனைவி அதைக் கொல்லைப்படியில் கண்டெடுத்தார். டம்ளரில் தண்ணீர். தண்ணீரில் விரல் நீளத்துக்கு ஒரு தக்காளித் தண்டு. வெட்டுவாயிலிருந்து சாம்பிராணிப் புகை தலைகீழாக இறங்குவதுபோல் வெள்ளையாக ஓர் இழை கசிந்துகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இது வர்றவங்க குடிக்கிற டம்ளரு.”

“பாக்டீரியா இறங்குது பாரு! வாடல் நோய்தான், சந்தேகமே இல்ல.”

அன்றோடு அந்த டம்ளர் குடும்பத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டது.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர், சண்டைக்குப் பேர்போன ஊர். மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை முறியடித்த இடம் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை மடக்கியதும் இங்கேதான். இதையெல்லாம் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவருக்கு, அடுத்த சண்டை சொந்தக் கொல்லையில் வரும் என்று தோன்றவேயில்லை.

நட்டது 24 செடி. எல்லாம் நாட்டுத் தக்காளி; தட்டையாக, பூசணிபோல் வரி விழுந்து, பெங்களூர்த் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தால் ஊரிலிருந்து வந்த ஏழைச் சொந்தம் மாதிரி இருக்கும். தோல் மெல்லிசு. கூடையில் இரண்டு நாள் இருந்தால் வெடித்துவிடும், அதனால் வியாபாரிக்கு ஆகாது. ஆனால் ரசத்தில் ஒன்றைப் பிசைந்து விட்டால் புளியே வேண்டாம்.

தவறு வாத்தியாருடையது. போன வருஷம் கத்தரி நின்ற பாத்தியிலேயே தக்காளியை வைத்தார். கத்தரி, மிளகாய், உருளை, தக்காளி நாலும் பங்காளிகள். ஒருவர் விட்டுப்போன வியாதி மண்ணிலேயே காத்திருந்து அடுத்தவரைப் பிடிக்கும். ஐப்பசி மழையில் பாத்தியில் தண்ணீர் தேங்கியது வேறு. பச்சைப்பசேலென்று நின்ற செடி மத்தியானம் துவண்டது, சாயங்காலம் நிமிர்ந்தது, நாலாம் நாள் நிமிரவில்லை. இப்படி ஒன்பது போயின.

மிச்சத்தை வெள்ளை ஈ பார்த்துக்கொண்டது. அது கடிப்பதில்லை, சாறு உறிஞ்சும். உறிஞ்சும்போதே இலைச்சுருட்டு வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோய்ச் சேர்க்கும். இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல் மடிந்து, நுனி மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றுவிடும். வைரஸுக்கு மருந்து கிடையாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான். ஈயைத்தான் விரட்டலாம். வேப்பெண்ணெயில் காதி சோப்பு கரைத்து அடித்தார். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து அடித்தார். அன்றைக்குச் சமையலுக்கு இஞ்சி இல்லை. மஞ்சள் நிறம் வெள்ளை ஈயை இழுக்கும் என்பதால், மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி ஆறு இடத்தில் கட்டினார். அட்டைகளில் கொஞ்சம் ஈ ஒட்டியது. கொடியில் காய்ந்த மனைவியின் மஞ்சள் புடவையில் அதைவிட அதிகமாக உட்கார்ந்தது. புடவையை அங்கேயே விட்டுவைக்கலாமா என்று அவர் கேட்டதும், அதற்குக் கிடைத்த பதிலும் இங்கே வேண்டாம்.

அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியாவைச் சேர்ந்த ‘ரேடியேட்டர் சார்லி’ என்ற மெக்கானிக் பெரிய பெரிய காய்களாகக் காய்க்கும் ஒரு தக்காளியைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். ஒரு நாற்று ஒரு டாலர் என்று விற்று, 6,000 டாலர் வீட்டுக் கடனை ஆறே வருஷத்தில் அடைத்தாராம். அந்த ரகத்துக்கு ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’ என்றே பெயர். நம் ஊரில் அடமானம் மீட்டான் என்று கூப்பிடலாம். வாத்தியார் இதை வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டது பெரிய பிசகு. மனைவி பால் கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் தக்காளிக்குத் தனிக் கணக்கு ஆரம்பித்தார்.

மாசி முடிவில் மகசூல் மூன்றேகால் கிலோ. செலவு, வேப்பெண்ணெய், சோப்பு, எரு, கூலி எல்லாம் சேர்ந்து 1,140 ரூபாய். 2023 ஜூலையில் விலை எகிறியபோது ரேஷன் கடையில் அரசு கிலோ 60 ரூபாய்க்குத் தந்தது. “அந்த விலைக்கே 19 கிலோ வாங்கியிருக்கலாம்” என்றார் மனைவி. வகுத்தல் சரியாக இருந்தது.

வாத்தியார் உத்திரமேரூருக்குத் தாவினார். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 921ஆம் ஆண்டு. குடவோலையில் தேர்ந்தெடுத்துத் தோட்ட வாரியத்துக்கென்றே பன்னிரண்டு பேரை வைத்தார்கள். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். “ஆளுக்கு ரெண்டு செடின்னா சரியா 24. நான் ஒண்டியாப் பாத்தேன்.”

“கணக்கு காட்டாதவங்கள அதுல சேக்கக்கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

“ஆமா. அவங்க சொந்தக்காரங்களையும் சேக்கக்கூடாது.” மாப்பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கடைசிச் சண்டை ஒரு பழத்துக்காக. நோயே தொடாத செடி ஒன்றுதான், அதில் உள்ளதிலேயே பெரிய பழம். மனைவிக்கு அது ரசம், வாத்தியாருக்கு விதை. நல்ல செடியின் நல்ல பழத்தைத் தின்றுவிட்டு நோஞ்சானை விதைக்கு விட்டால் அடுத்த வருஷமும் நோஞ்சான்தானே? இந்த ஒரு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம். பழத்தைப் பிழிந்து கிண்ணத்தில் மூன்று நாள் புளிக்க வைத்தார். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு அப்படித்தான் கழலும். மேலே நுரையும் ஆடையும் கட்டி, வாடை அடுப்படிவரை வந்தது. கிண்ணத்தில் ஒரு சீட்டு ஒட்டினார்: ‘விதை. ரசம் அல்ல.’

கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தொன்பது...

“ஏங்க, எண்ணினது போதும். கடைக்குப் போயி அரை கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க.”