காவிரிப் படுகை வீடுகளில் பெயிண்ட் கணக்கு எழுதப்படாமை: ஓர் ஆய்வு

தஞ்சைப் பக்கத்து வீடொன்றில் ஆணி பிடுங்கிய இடத்தைப் பட்டி பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என்ன நிறம் என்று கேட்டால், ‘சந்தனக் கலர்’ என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். எந்தக் கம்பெனி, எந்த நம்பர், டிஸ்டம்பரா எமல்ஷனா என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். கடையின் ஷேடு கார்டிலோ சந்தனம் என்று சொல்லத்தக்க கட்டங்கள் வரிசையாக இருக்கும். இதற்கு மறதிதான் காரணம் என்பது பொதுவான கருத்து. அக்கருத்து ஆதாரமற்றது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

டெல்டாவில் மறதி என்ற நோய் இருப்பதாகச் சான்றில்லை. காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய நீர் 192 டி.எம்.சி.யாக இருந்ததும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியதும் எந்த டீக்கடையிலும் தசமப் புள்ளி பிசகாமல் கிடைக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று வாதாடத் தெரியாத விவசாயி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மொய் நோட்டு இருக்கிறது. பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைக்கும் குடும்பங்களில் இன்னார், இன்ன ஊர், இவ்வளவு என்று எழுதிய நோட்டுகள் நிலப் பத்திரத்தோடு ஒரே பெட்டியில் இருக்கும். ஓரம் செல்லரித்தாலும் தொகை அழியாது. இம்மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஒருவர் மற்றவருக்குத் தர வேண்டிய பாக்கி. வரவேண்டியதும் தரவேண்டியதும் இருக்கும் இடத்தில் எழுத்து தானே பிறக்கிறது. சுவர் யாருக்கும் கடன்பட்டதில்லை. அதற்குக் கடன்பட்டவரும் இல்லை. ஆகவே அதன் நிறத்தை எழுதிவைக்க யாருக்கும் கை வரவில்லை.

இதற்கு மிகப் பெரிய சான்று தஞ்சையிலேயே நிற்கிறது. 1010இல் கட்டி முடிந்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப்போல விடாப்பிடியான கணக்கு உலகில் அரிது. நகைகளின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறக்கி எழுதியிருக்கிறார்கள். முத்துக் கோத்த சரட்டின் எடையைக் கழித்தே எழுதியிருக்கிறார்கள். கோயில் ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரும் பெயரோடு, எந்தத் தெருவில் எத்தனையாம் வீடு என்பதோடு பதிவாகியிருக்கிறார்கள். விளக்கொன்றுக்கு 96 ஆடு, அதற்கு நாள்தோறும் உழக்கு நெய். அதே கோயிலில் கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில் சோழ ஓவியர்கள் சுவர் சுவராக வண்ணம் தீட்டியிருந்தார்கள். எத்தனை படி சுண்ணாம்பு, எந்தக் கல்லை அரைத்த நீலம் என்று ஒரு வரியும் இல்லை. ஆட்டை வாங்கிய இடையர் நெய் தர வேண்டும். நகையைப் பெற்ற பண்டாரம் பொறுப்புச் சொல்ல வேண்டும். ஓவியம் யாரிடமும் எதையும் வசூலிக்கப் போவதில்லை. விளைவு, நாயக்கர் காலத்தில் அதன்மேலேயே புதுப் படம் எழுதிவிட்டார்கள். அடியில் பழையது இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பூச்சு முறையை அறியச் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆய்வுக்கூடத்துக்கே போக வேண்டியிருந்தது. ராஜராஜன் காலத்திலேயே டப்பா மூடி ஒன்றை எடுத்துவைத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

பாக்கி இருக்கும் இடத்தில் நிறத்துக்கும் கணக்கு வந்துவிடுகிறது. ஜெர்மானியர் 1927இல் 40 நிறங்களுக்கு எண் கொடுத்து ரால் பட்டியலைத் தொடங்கினார்கள். நம் இந்தியத் தர நிர்ணயப் பட்டியலிலும் தபால்பெட்டிச் சிவப்புக்கு 538 என்று எண் உண்டு. டெண்டர் எடுத்தவர் சொன்ன நிறத்தைத் தந்தால்தான் பில் பாஸாகும். தெருமுனைத் தபால்பெட்டிக்குக் கிடைத்த இந்த மரியாதை, அதைப் பார்த்து நிற்கும் வீட்டுத் திண்ணைக்குக் கிடைக்கவில்லை.

இனி மறுப்புகள். டப்பாவே பதிவல்லவா என்பார்கள். இல்லை. இருபது லிட்டர் வாளி காலியானதும் அது மாட்டுக்குக் கழுநீர் வைக்க, விதைநெல் ஊறப்போட, கருவேப்பிலைக் கன்று நடப் போய்விடுகிறது. தேங்காய் நார் போட்டு முதலில் தேய்க்கப்படுவது அந்த லேபிள்தான். பரணில் மீதம் வைத்த அரை லிட்டர் கட்டிதட்டி, அது எந்த அறையுடையது என்ற புதிய ஆராய்ச்சியைக் கிளப்புகிறது. மூடியைப் போனில் படம் பிடித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. அந்தப் படம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில், நாயக்கர் பூச்சுக்கடியில் சோழ ஓவியம்போல், புதைந்துவிடும். டைரியில் எழுதினாலும் ஆபத்து உண்டு: பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் அதே வாரத்தில்தான் போகி வருகிறது. கனமான மறுப்பு ஒன்றுதான். நம்பர் இருந்தாலும் வெயில் பட்ட பழைய சுவரோடு புதுப் பூச்சு ஒட்டாது என்கிறார்கள் பெயிண்டர்கள். உண்மை. ஆனால் நம்பர் தெரிந்தவர் மூலைக்கு மூலை ஒரு சுவரை அடித்து முடிக்கிறார். தெரியாதவர் நாலு சுவரையும் அடிக்கிறார். மூன்று சுவர் மிச்சம் என்பதைப் பெயிண்டர்கள் ஏன் வலியுறுத்துவதில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆகவே சுவரைக் கடன்காரனாக்குவதே வழி. கல்யாணத்துக்கு முன்தான் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்தக் கல்யாணத்துக்கே மொய் நோட்டும் வாங்குகிறார்கள். பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமனுக்கு முன் முதல் வரியில் எழுதிவிடலாம்: பெயர், கூடத்துக் கிழக்குச் சுவர், ஊர், உள்ளூர், தொகை, எமல்ஷன் நாலு லிட்டர், நம்பர் இன்னது. வாங்கியதைவிடக் கூட்டிச் செய்வது மொய் மரபாயிற்றே, சுவருக்கும் அடுத்த முறை ஒரு லிட்டர் கூடுதலாகிவிடுமே என்று ஆட்சேபிக்கலாம். அது இப்போதே கூடிக்கொண்டுதான் போகிறது. இரண்டாவது கோட் என்று பெயர்.