இரண்டு செவ்வாய்க்கிழமை

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சிங்கப்பூரில் ராத்திரி பதினொன்றரைக்கு ஏறி நியூயார்க்கில் விடிகாலை ஐந்தரைக்கு இறங்கியவனுக்கு ஆறு மணி நேரத்தில் என்ன அலுப்பு என்று சித்தப்பா கேட்டாராமே. திருநெல்வேலி-மெட்ராஸ் பஸ்ஸே அதைவிட அதிகமாம். அவரிடம் சொல்: இந்தக் குளிர்காலத்தில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்குப் பதின்மூன்று மணி பின்னால் ஓடுகிறது. ஆறும் பதின்மூன்றும் பத்தொன்பது. எங்கும் இறங்காமல் 15,300 கிலோமீட்டர். உலகத்தில் இப்போதைக்கு இதைவிட நீளமான விமானப் பயணம் கிடையாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்த நாலு மணி நேரம் தனி.

பத்தொன்பது மணி நேரமும் என்ன செய்தாய் என்று கேட்பாய். எதிர் சீட்டின் முதுகில் ஒரு சின்னத் திரை. அதில் உலகப் படம், படத்தின் மேல் ஒரு குட்டி விமானம். சினிமா நூறு இருக்கிறது. நான் பார்த்தது அந்த விமானத்தைத்தான். ஜப்பானையே மறைக்கிற பருமன் அதற்கு, நகரத்தான் மாட்டேன் என்கிறது. தூங்கி எழுந்து பார்த்தேன், அங்கேயே நின்றது. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன், ஒரு நூல் நகர்ந்திருந்தது. வேகம் மட்டும் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று கூசாமல் காட்டுகிறது. வெளியே மைனஸ் ஐம்பத்தைந்து டிகிரி என்றது. அதற்கு நான் என்ன செய்ய? பக்கத்து சீட்டுப் பெரியவர் தன் திரையில் வேகமாகப் போகிறதோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். அவரும் என்னுடையதை எட்டிப் பார்த்தார்.

உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். ஆனால் பசிபிக் மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று அடிக்கிறது. கூடுதல் தூரமானாலும் பரவாயில்லை, காற்று தள்ளிவிடும் என்று அந்தப் பக்கமே சுற்றி வந்தார்கள். வழியில் தேதிக்கோட்டைத் தாண்டினோமா, செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை விடிந்தது. அம்மா சொன்ன செவ்வாய் விரதம் முதல் விடியலுக்கா, இரண்டாவதுக்கா? முதலாவதில் கோழிக் குழம்பு கொடுத்தார்கள். இரண்டாவதில் இருந்துகொண்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

இங்கிருந்து திரும்புகிற விமானம் சில நாள் அட்லாண்டிக் வழியாகப் போகுமாம். அப்படி வாய்த்தால் போக வர உலகத்தையே ஒரு சுற்று. தம்பிக்கு விதித்தது அதுதானே. நீ அப்பா அம்மாவைச் சுற்றிக்கொண்டு அங்கேயே இருக்கிறாய், தொப்பையும் பொருத்தம். கொல்லை மாமரம் இந்த வருஷம் கொள்ளாமல் காய்த்திருப்பதாக எழுதியிருக்கிறாய். வயிற்றெரிச்சலுக்கென்றே எழுதுவாயா? பெட்டியில் ஒரு பழம் போட்டுக் கொண்டுவந்தாலும் இங்கே இறங்கியவுடன் பிடுங்கிவிடுவார்கள். நான் ஆவணியில் வருவதற்குள் மரமும் காலி.

மதினியிடம் சொல்லி ஒரு ஜாடி மாவடு மட்டும் எடுத்து வை. ஊறுகாயைப் பிடுங்குவதில்லை. மூடியை நீயே இறுக்கு. போன தடவை என் சட்டையெல்லாம் மாவடு நீர்.

உன் தம்பி