இடுப்பில் கத்தி வைக்கலாமா?

கே: முப்பது வருடமாகக் குழித்தறியில் நெய்கிறேன். இடுப்பு வலி தாங்கவில்லை. ஸ்கேனில் எல் 4 - எல் 5 டிஸ்க் விலகியிருக்கிறதாம். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
(நெசவாளர், அனகாபுத்தூர்)

ப: வலி இடுப்போடு நிற்கிறதா, காலில் இறங்குகிறதா? பிட்டத்திலிருந்து பாதம் வரை சுண்டி இழுத்து, அந்த வலிக்குரிய நரம்பு அழுந்துவதை ஸ்கேனும் காட்டினால் ஆபரேஷன் நன்றாகவே கைகொடுக்கும். இடுப்போடு நிற்கிற வலிக்கு அந்த நம்பிக்கையை என்னால் தர முடியாது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஸ்க்ரூ போட்டு எலும்பை இணைப்பதையும் தீவிரமான பயிற்சி சிகிச்சையையும் நார்வேயிலும் பிரிட்டனிலும் ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சியை முறையாகச் செய்து பார்க்காமல் கத்திக்குப் போகாதீர்கள், ஐயா.

கே: ஸ்கேனிலேயே தெரிகிறதே?

ப: வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை 2015-ல் ஒரு ஆய்வு தொகுத்தது. ஐம்பது வயதில் நூற்றுக்கு 60 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வைத்தியம் உங்களுக்குத்தான், பிலிமுக்கு அல்ல.

கே: தள்ளிப்போட்டால் அப்பாவுக்குக் கால் விழுந்துவிடுமோ?
(அவர் மகள்)

ப: பெரும்பாலும் இல்லை, அம்மா. நெதர்லாந்தில் கால்வலியோடு வந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறுபாதிக்குப் பொறுத்துப் பார்ப்பது. 2007-ல் வந்த முடிவு: ஒரு வருடத்தில் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள். கத்தி வைத்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. கூலி நின்ற வீட்டுக்கு அது பெரிய விஷயம், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, சைக்கிள் சீட் படும் இடம் மரத்தாலோ, பாதம் தூக்க வராவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரவானாலும்.

கே: முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்கிறார்களே?

ப: டிஸ்க் ஆபரேஷன் செய்தவர்களைப் பெரும்பாலும் மறுநாளுக்குள் நடக்க வைத்துவிடுகிறார்கள். நரம்புக் காயம், கிருமித் தொற்று, வலி திரும்புவது ஆகிய அபாயங்கள் உண்டு. உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கே: செலவு? இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமா?

ப: கட்டாயம் கேளுங்கள். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே அரசு பொது மருத்துவமனை (ஜி.எச்.). டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய இடம். செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

கே: பிறகு பழையபடி தறியில் உட்காரலாமா?

ப: டாக்டரிடம் 'நெசவு' என்று மட்டும் சொன்னால் போதாது. குழிக்குள் கால் வைத்து, மிதி மிதித்து, குனிந்தே நாள் முழுக்க இருப்பதை உட்கார்ந்து காட்டுங்கள். போனில் வீடியோ எடுத்துப் போனால் இன்னும் நல்லது. எத்தனை மாதம் தறி கூடாது, இடையில் எப்போதெல்லாம் எழ வேண்டும், உட்காரும் பலகையை உயர்த்தலாமா, எல்லாவற்றையும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.